வவுச்சர் எங்கே?

தணிக்கையியல் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. எழுதியது தேறுமா என்பது பேப்பர் திருத்துகிற புண்ணியவான் கையில். அந்தப் பாடம் எனக்கு மார்க் தருகிறதோ இல்லையோ, ஒரு நல்ல சூடு கொடுத்திருக்கிறது. அந்தக் கதைதான் இன்றைக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எதையாவது மேய்ந்து, "அட!" என்று தோன்றுவதை எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் பழக்கம். முதல் வருடத்திலிருந்தே நடக்கிறது. வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்னாரே, அதை வைத்து எனக்கும் 'தென்கச்சி' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் அளவுக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. ஆனால் தினமும் ஒன்று போட்டுவிடுவேன்.

ஒரு நாள் ராத்திரி இப்படி ஒன்று வந்தது: "4200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய தமிழன்! உலகிலேயே முதன்முறை! அதுவும் நம் கிருஷ்ணகிரியில்! அப்போது மற்ற மொழிக்காரன் எல்லாம் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்!" நம்ம மாவட்டத்துப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. கடைசி வரியைச் சரியாகக்கூடப் படிக்காமல் குழுவுக்குத் தள்ளிவிட்டேன்.

எங்கள் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் இந்த நாலும் காதில் விழும். என் நண்பன் ஒருவன் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் கன்னடம். தலைமுறை தலைமுறையாக அதே ஊர், அதே நிலம். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப எங்க தாத்தா எந்த மரத்துல தொங்கிட்டு இருந்தாரு மச்சி?" இரண்டு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். காலையில் பார்த்தால் அவன் குழுவை விட்டு வெளியேறியிருந்தான்.

இரண்டு நாள் கழித்து கேன்டீனில் பிடித்தேன். கோபமாகப் பேசவில்லை. "தணிக்கையில நீதானே பெரிய ஆளு. நீ போட்டதுக்கு வவுச்சர் எங்கடா?" என்றான். டீ தொண்டையில் நின்றுவிட்டது.

வணிகவியல் படிக்காத நண்பர்களுக்கு ஒரு வரி விளக்கம். கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு இருந்தால் அதற்கு ஆதாரமாக ஒரு சீட்டு இருக்க வேண்டும். ரசீதோ, பில்லோ, சம்பளப் பட்டியலோ ஏதோ ஒன்று. அதுதான் வவுச்சர். தணிக்கையாளர் பதிவையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தேதி சரியா? தொகை சரியா? யார் கையெழுத்து? இந்த நிறுவனத்துக்கு வந்த பில்தானா? எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சீட்டு இல்லாவிட்டால் கேள்விக்குறிதான்.

சரி, நாம் அனுப்பியவற்றையே தணிக்கை செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, மெக்காலே. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இந்தியாவின் நீள அகலம் முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூட, ஒரு திருடனைக்கூடப் பார்க்கவில்லை, இவர்களின் கல்வியை உடைத்தால்தான் இவர்களை ஆள முடியும்" என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாக ஒரு தகவல் சுற்றும். நானே மூன்று முறை அனுப்பியிருக்கிறேன். தேதியைச் சரிபார்த்தால் முதல் அடியிலேயே இடிக்கிறது. மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கிவிட்டார். ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்துவிட்டு, பிறகு கல்கத்தா சேர்ந்தார். அவர் லண்டன் திரும்பியது 1838இல். அப்புறம் எப்படி 1835இல் லண்டன் பாராளுமன்றத்தில் பேசுவார்?

ஆனால் அந்தத் தேதி முழுப் பொய்யும் இல்லை. அதே 1835 பிப்ரவரி 2 அன்றுதான் அவர் கல்கத்தாவில் கல்வி பற்றிய தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதிக் கொடுத்தார். அது அச்சில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். அதில் இந்தியாவைப் புகழ்ந்து ஒரு சொல் கிடையாது. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு, இந்தியா அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். அரபியும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியது அது! போலியில் இருக்கும் மெக்காலே நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர். நிஜ மெக்காலே நம்மைப் படிக்காமலேயே தள்ளுபடி செய்தவர். யோசிக்க வைப்பது எது? என்னைக் கேட்டால் நிஜம்தான்.

இரண்டாவது, தீபாவளி ராத்திரி இந்தியாவை நாசா எடுத்த படம். நாடு முழுக்க சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஜொலிக்கும். ஒவ்வொரு ஐப்பசியும் தவறாமல் வரும். அது ஒரு ராத்திரியில் எடுத்த படமே அல்ல. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ், 1992 முதல் 2003 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளைச் சேர்த்துச் செய்தது. வெள்ளை நிறம் 1992க்கு முன்பே வெளிச்சம் இருந்த இடங்கள். நீலம் 1992இல், பச்சை 1998இல், சிவப்பு 2003இல் புதிதாகத் தெரிந்தவை. ஆக அது பட்டாசு வெளிச்சம் இல்லை, ஊர்கள் வளர்ந்த கதை. நிஜமான தீபாவளி ராத்திரிப் படம் ஒன்றை நாசா 2012இல் வெளியிட்டது. அதில் வழக்கமான தெருவிளக்குதான் தெரிகிறது. பட்டாசு வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் பிரித்தறிய முடியாத அளவு குறைவாம்.

வயல் இருந்த இடத்தில் சிப்காட் வந்து, சிப்காட் பக்கத்தில் லேஅவுட் வந்து, லேஅவுட் பக்கத்தில் பரோட்டா கடை வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்தின் உண்மையான அர்த்தம் நமக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும்!

மூன்றாவதுதான் பிரச்சினைக்குக் காரணமான இரும்பு. இதுவும் போலியாக இருந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். இல்லை நண்பர்களே. இதற்கு வவுச்சர் இருக்கிறது, நல்ல வவுச்சர்.

இடம் மயிலாடும்பாறை. கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளி பக்கம். 2003இலேயே பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்திருக்கிறார். பிறகு 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கிடைத்த மாதிரிகளை அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கும் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு காலக் கணிப்புகள் வந்தன: கி.மு. 1615, கி.மு. 2172. இதை 2022 மே 9 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இடம், ஆண்டு, ஆய்வகம், அறிவித்த நாள் எல்லாம் பக்காவாக இருக்கிறது.

இரும்பின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தால் அங்கேயும் நம்ம பாடம்தான் வந்து நிற்கிறது :-) வயது பார்ப்பது இரும்பை அல்ல. இரும்பு கிடைத்த அதே மண்ணடுக்கில் இருக்கும் கரி மாதிரியான, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளை. மரமோ செடியோ உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 சேர்த்துக்கொண்டே இருக்கும். செத்ததும் வரவு நிற்கிறது, செலவு மட்டும் நடக்கிறது. 5730 ஆண்டுக்கு ஒருமுறை இருப்பதில் பாதி போய்விடும். தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை படித்தோமே, அதேதான். ஒவ்வொரு முறையும் மிச்சம் இருப்பதிலிருந்துதான் கழியும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. 4200 ஆண்டு ஆன கரியில் சுமார் 60 சதவீதம் மிச்சம் இருக்கும். துகள் முடுக்கி நிறமாலை முறையில் அந்த அணுக்களை எண்ணிவிடுகிறார்கள். அதனால் மிகச் சிறிய மாதிரியே போதும்.

அப்படிக் கிடைக்கும் எண்ணும் நேராகப் புத்தகத்தில் ஏறாது. காற்றில் இருந்த கார்பன்-14 அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதனால் மர வளையங்களை வைத்துச் செய்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். நம் கணக்கில் சொன்னால் வங்கிச் சரிகட்டும் பட்டியல்! கடைசியில் வருவது ஒரு ஆண்டு அல்ல, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள் என்கிற வரம்பு. கி.மு. 2172 என்பது அந்த வரம்பின் நடுப்புள்ளி. ஏதோ ஒரு கொல்லன் அந்த வருஷம் தேதி போட்டு வைத்த பில் இல்லை.

இனி அந்த ஃபார்வர்டை வரிவரியாகப் பாருங்கள். "4200 ஆண்டு", "கிருஷ்ணகிரி" இரண்டுக்கும் சீட்டு இருக்கிறது. டிக் அடித்துவிடலாம்.

"உலகிலேயே முதன்முறை" இடிக்கிறது. எகிப்தில் கெர்சே என்ற இடத்தில் கிடைத்த இரும்பு மணிகள் சுமார் 5200 ஆண்டு பழையவை. ஆனால் அவை வானத்திலிருந்து விழுந்த விண்கல் இரும்பு. தாதுவை உருக்கி எடுத்த இரும்பு வேறு, விண்கல்லைத் தட்டிச் செய்தது வேறு. 'முதல்' என்று சொன்னால் எதில் முதல் என்று கேட்க வேண்டும். அதுவும் போக, 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கி.மு. 3345 வரை போகும் கணிப்பு அதில் இருக்கிறது. மூன்றே வருஷத்தில் நம்ம மாவட்டத்தின் முதலிடம் தென்கோடிக்குப் போய்விட்டது. நாளைக்கு வேறு எங்காவது போகலாம். மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள், இன்னும் மாதிரிகள் வேண்டும் என்பார்கள். அப்படித்தான் அது வளரும். முதலிடம் போனதால் மயிலாடும்பாறையின் மதிப்பில் ஒரு பைசா குறைந்ததா? இல்லையே. இரும்புக் கருவி கையில் வந்த பிறகு காடு திருத்தி உழுவது எளிதாகியிருக்கும். நம்ம பாட்டன் பூட்டன் உழுத கரட்டுக் காட்டில் அது எப்போது தொடங்கியிருக்கலாம் என்று அந்தப் பாறை சொல்கிறது. அது போதாதா?

கடைசி வரி, "மற்ற மொழிக்காரன்". இதற்குச் சீட்டே கிடையாது. கரித்துண்டு வயதைச் சொல்லும், வீட்டில் என்ன பாஷை பேசினார்கள் என்று சொல்லாது. மயிலாடும்பாறையில் அந்த இரும்பைப் பிடித்த கை என்ன மொழி பேசியது என்பதற்கு, அந்தக் காலத்தில் எழுதிய ஒரு எழுத்தும் அங்கே கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டுகளே அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. நான் அனுப்பிய நாலு வரியில் இரண்டு சரி, ஒன்று அரைகுறை, ஒன்று இட்டுக்கட்டியது. அந்த இட்டுக்கட்டிய வரிதான் என் நண்பனை வெளியே அனுப்பியது. இதில் மோசம் என்னவென்றால், கலப்படம் தெரிந்தவுடன் அவன் நல்ல இரண்டு வரிகளையும் நம்பவில்லை. "இதுவும் உன் நாசா படம் மாதிரிதானே" என்றான். நிஜமாகவே நம் மண்ணில் கிடைத்த ஒன்றை நானே போலியாக்கியிருந்தேன்.

நம்ம ஊர் வரலாற்றில் யார் முந்தி என்று கோடு போடுவது சுலபமும் இல்லை. 'ஓசூர்' என்ற பெயரே கன்னடத்தில் 'புது ஊர்' என்று அர்த்தம் தரும். பழைய கல்வெட்டில் இதே ஊர் 'செவிடபாடி'. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொய்சள மன்னன் இராமநாதன் இந்தப் பக்கத்துக் குந்தாணியைத் தலைநகராக்கி ஆண்டான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். ஓசூர்ப் பக்கமோ 1799இல் திப்பு இறந்த பிறகுதான் கம்பெனி கைக்கு வந்தது. பிறகு சேலம் மாவட்டம், 1965இல் தர்மபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் நகரவில்லை, விலாசம்தான் மாறிக்கொண்டே இருந்தது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டை வைத்து நாலாயிரம் வருஷத்தைப் பிரித்தால் எப்படி?

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோது, கண்டதைச் சேர்த்துப் பகிர்கிற பழக்கம் நமக்கு முன்பே இருந்தது என்றும் தெரிந்தது. காலின் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனிப் படையில் பொறியாளர். திப்பு வீழ்ந்த பிறகு மைசூர்ப் பகுதியை அளக்க வந்தவர், போகிற இடமெல்லாம் ஊர்க் கதைகள், சுவடிகள், கல்வெட்டுப் படிகள் என்று சேர்த்தார். அவருக்குக் கண்ணும் காதும் காவெலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா என்ற சகோதரர்கள். அவர்களும் உதவியாளர்களும் ஊர் ஊராகப் போய், எந்த ஊரில் யாரிடம் கிடைத்தது என்று எழுதி அனுப்பினார்கள். மெக்கன்சி 1821இல் இறந்தார். அந்தத் தொகுப்பில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் கதை எல்லாம் உண்மை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இருப்பதால் இருநூறு வருஷம் கழித்தும் சோதித்துப் பார்க்க முடிகிறது.

இணையத்திலேயே ஒரு உதாரணம் வேண்டுமா? 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அதில் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து தலைப்பகுதியைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று நன்றியோடு போட்டிருக்கும். வவுச்சரை முதல் பக்கத்திலேயே ஒட்டிவைத்த மாதிரி! நம்ம ஃபார்வர்டில் இருப்பதோ "பகிரவும்... தமிழனாக இருந்தால் பகிரவும்".

தணிக்கைப் பாடத்தில் 1896ஆம் ஆண்டு கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு வரும். தணிக்கையாளர் காவல் நாய் மாதிரி இருந்தால் போதும், மோப்ப நாயாக இருக்கத் தேவையில்லை என்பது நீதிபதி சொன்னதன் சாரம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பக்கத்து மாவட்டத்து நாய் ஒன்று ஞாபகம் வரும். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் விழுந்த பிறகு, கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மன்னன் பெயர், ஆண்டு, ஆள் பெயர், நாய் பெயர் எல்லாம் இருக்கிறது. 1400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக்கூட அவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதிய நாட்டில், நான் ஒரு நண்பனை எந்த ஆதாரமும் இல்லாமல் மரத்தில் ஏற்றினேன்.

நாங்கள் வேலை செய்கிற கம்பெனிகளில் பாதி இரும்போடு மல்லுக்கட்டுகிறவைதான். பைக், லாரி, அதற்கான உதிரி பாகம் என்று. மயிலாடும்பாறை விவரத்தை முழுதாக எழுதி, எது சரி, எது நான் செய்த தப்பு என்று பிரித்து, முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் ஒரு போட்டோ வந்தது. அவன் தாத்தாவின் ராகிக் காட்டு வரப்பில் சாய்ந்து நிற்கும் ஒரு கல். வாளோடு ஒரு ஆள், மேலே தேய்ந்த எழுத்து. கீழே ஒரு வரி: "இது தமிழா கன்னடமா, பார்த்துச் சொல்லு தென்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை போனோம். தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியவில்லை. அவன் தாத்தா அதற்குக் கன்னடத்தில் ஒரு பெயர் சொன்னார், பக்கத்துக் காட்டுக்காரர் தமிழில் வேறு பெயர் சொன்னார். இரண்டையும் நோட்டில் எழுதினோம். ஊர், சர்வே எண், தேதி, சொன்னவர் யார், எல்லாம். படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டுத்தான் குழுவில் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். அவன் குழுவுக்குத் திரும்பிவிட்டான்.

டிஸ்கி: எனக்கு நீங்களும் சுவாரசியமான விஷயங்களை அனுப்புங்கள், நிறுத்திவிடாதீர்கள். கூடவே எங்கே, எப்போது, யார் சொன்னது என்று மூன்று வார்த்தை சேர்த்து அனுப்புங்கள். இந்தப் பதிவில் ஏதாவது தப்பு இருந்தால் தயங்காமல் குட்டுங்கள். ஆனால் வவுச்சரோடு குட்டுங்கள் :-)